மறந்துபோன குற்றங்களுக்கும் சேர்த்து

பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் தனிஸ்லாஸ் மன்னிப்புக் கேட்பார். அவர் காலை இன்னொருவர் மிதித்தாலும் அவரேதான் கேட்பார். “பர்தோன், பர்தோன்” என்று அப்பா காலத்துப் பிரெஞ்சுப் பழக்கத்தில் இரண்டு தடவை சொல்வார். முத்தியால்பேட்டையில் அவரைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சனிக்கிழமை தவறாமல், கோவில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற மனிதர் அவர். சொல்ல ஒன்றுமே இல்லாத வாரத்தில் பெண்டாட்டியிடம் முகம் சுளித்ததையாவது தேடி எடுத்துக்கொண்டு போவார்.

வேலை பார்த்த ஆலையை மூடிவிட்ட பிறகு, வீட்டு முன்னறையையே கிடங்காக்கி ஆன்லைனில் கடை போட்டிருந்தார். மிக்ஸி ஜார் மூடி, கப்ளர், குக்கர் கேஸ்கட், இப்படி உதிரிச் சாமான்கள். சரக்கு சேதராப்பட்டில் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து வரும். மனைவி ஆனந்தமேரி பாக்கெட் போடுவாள், இவர் விலாசச் சீட்டு ஒட்டுவார். ஆர்டர் வந்தால் போன் ஒருமுறை சிணுங்கும். அந்தச் சிணுங்கலை நம்பித்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள்.

ஒரு நாள் ஆர்டருக்குப் பதில் புகார் வந்தது. பவளமணி மிக்ஸி கம்பெனி கொடுத்த புகார். தாங்கள் பதிவு செய்த பெயரைத் தனிஸ்லாஸ் அனுமதியில்லாமல் போட்டு விற்கிறார் என்று எழுதியிருந்தார்கள். இவர் போட்டிருந்தது ‘பவளமணி மிக்ஸிக்குப் பொருந்தும் மூடி’ என்பது மட்டும்தான். பொருந்துகிற மூடியைப் பொருந்தும் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆன்லைன் கம்பெனி அந்த ஒரு மூடியை மட்டும் கடையிலிருந்து எடுத்துவிட்டு, இவரிடம் விளக்கம் கேட்டிருந்தது.

அடுத்த தெரு சிராஜுதீனும் அதே பட்டறை மூடியைத்தான் ஆன்லைனில் விற்கிறார். அவருக்கும் அதே புகார். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“பயப்படாதீங்கண்ணே. பட்டறை பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. இது பட்டறையில வாங்குன மூடி, பொருந்தும்னுதான் போட்டோம், தப்பு ஒண்ணும் பண்ணலன்னு எழுதுங்க. நானும் அதான் எழுதப்போறேன்.”

“சரிங்க பாய்” என்றார் தனிஸ்லாஸ்.

பாய் தெருமுனை திரும்புவதற்குள் தனிஸ்லாஸுக்கு மனசு கேட்கவில்லை.

“பெரிய கம்பெனி, வருத்தப்பட்டு எழுதியிருக்கான். எடுத்த எடுப்புல தப்பே பண்ணலன்னா மரியாதையாவா இருக்கும் மேரி?”

“இன்னாங்க, நீங்க தப்பு பண்ணீங்களா?”

“பண்ணலதான். இருந்தாலும் பணிஞ்சு போனா மனசு எறங்க மாட்டாங்களா?”

“பாய் சொன்னபடியே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பாக்கெட்டை ஒட்டப் போனாள்.

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்த மனிதர் எழுதியது வேறு. தமிழில்தான் எழுதினார், போனே அதை இங்கிலீஷாக்கித் தந்தது. ‘உங்கள் மனம் நோகும்படி நடந்தது என் குற்றமே. இந்த மூடிக்காகவும், என் கடையில் தெரிந்தும் தெரியாமலும் செய்த, இப்போது நினைவில் இல்லாத எல்லாக் குற்றங்களுக்காகவும் மன்னிப்பு வேண்டுகிறேன்.’

வேண்டுமென்று எழுதியதில்லை. பாவசங்கீர்த்தனத்தைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் முடித்துப் பழக்கம். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் முடிந்த மாதிரியே அவருக்கு இருக்காது. அனுப்பியதும் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பாவி மனுஷன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இவரோ இரண்டையும் தானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சாமியாருக்கு மன்னிக்க அதிகாரம் உண்டு. ஆன்லைன் கம்பெனிக்கு அதை யார் கொடுத்தார்கள்? பாவத்தை எழுதி வைத்துக்கொள்ளத்தான் அதற்குத் தெரியும்.

பதில் வந்தது. ‘போலிச் சரக்கு விற்றதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கடையின் மற்றப் பொருள்களிலும் குற்றம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடை நிரந்தரமாக மூடப்படுகிறது. இதற்கு மேல்முறையீடு கிடையாது.’

அலறியடித்துக்கொண்டு பட்டறை பில்லை எல்லாம் அனுப்பினார். மறுபடியும் அனுப்பினார். யாரும் படித்ததாகவே தெரியவில்லை. அந்த வாரத்திலேயே சிராஜுதீனின் மூடி திரும்பக் கடைக்கு வந்துவிட்டது.

பாய் வந்து போனை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“மூடிக்கு மட்டுந்தானேண்ணே கேட்டான்? நினைவில் இல்லாததை எல்லாம் எதுக்கு எழுதினீங்க?”

“அப்பிடித்தான் பாய் முடிக்கணும்.”

பாய்க்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூட மனசு வரவில்லை. போகும்போது, பாக்கெட் போடத் தன் வீட்டில் ஆள் தேவைப்படுகிறது என்று ஆனந்தமேரியைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அவள் போனாள். அதே மூடி, அதே பாக்கெட், வேறொருவர் வீடு. புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தனிஸ்லாஸ் மன்னிப்பாவது கேட்டிருப்பார். சிணுங்காத போனை மடியில் வைத்துக்கொண்டு, விற்க வழியில்லாத பெட்டிகளுக்கு நடுவில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் கோவிலில் கூண்டு வலைக்கு முன்னால் முழங்காலில் நின்றார். ஜெபத்தில் பராக்குப் பார்த்ததைச் சொன்னார், சிராஜுதீன் மேல் பொறாமைப்பட்டதைச் சொன்னார். அதோடு நின்றுவிட்டார். வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் காத்திருந்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். தனிஸ்லாஸுக்கு வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்து அவரே எடுத்துக்கொடுத்தார்.

“இவற்றிற்காகவும், நினைவில் இல்லாத எல்லாப் பாவங்களுக்காகவும்...”

தனிஸ்லாஸ் குறுக்கிட்டார்.

“வேணாம் சாமி. சொன்னதுக்கு மட்டும் மன்னிப்பு குடுங்க. மத்தது எதையும் நான் பண்ணல.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் ஆனந்தமேரி இந்நேரம் தன் வீட்டு முன்னறையில் இருந்திருப்பாள்.

சாமியார் காதில் அது விழவில்லை போலிருக்கிறது. கையை உயர்த்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்தே மன்னித்து அனுப்பினார்.