வட்டமிட்ட ஐந்து நாட்கள்

"மோகனு, இன்னிக்குச் செவ்வாய்க்கெழமை. உள்ள உனக்கென்ன வேலை? பாயை வாசல்ல போட்டிருக்கறேன், வா கண்ணு."

விளக்கு வைத்த நேரத்தில் பழனாத்தாள் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டும் முப்பது வயது மகன் மோகன்குமார் தலையணையோடு வெளியே நடந்தான். அவன் மனைவி வரலட்சுமி காலண்டரைப் பார்த்தபடி உள்ளே நின்றாள்.

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். தொண்ணூற்று நாலில் நடந்தது இது. வரலட்சுமி காலமாகி ஆறு வருஷமாகிறது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அவள்தான். அதனால் அழாமல் எழுதுகிறேன்.

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பேரன் வேண்டி முருகனுக்கு விரதம் பிடித்தது பழனாத்தாள். தனியே படுத்தது மகன். மலடி என்ற பேர் மருமகளுக்கு. "தைக்குள்ள ஒண்ணும் ஆகலீனா, எங்கண்ணன் மகளை மோகனுக்குப் பேசிப்போடுவேன்" என்று அவள் காதுபடவே சொல்வாள்.

ஆர்.எஸ்.புரத்து லேடி டாக்டர் வரலட்சுமியின் தேதிகளைக் கேட்டு, கரு தங்க வாய்ப்புள்ள ஐந்து நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார். அதில் செவ்வாய் விரதம். வியாழன் சஷ்டி. புதன் சஷ்டிக்கு முந்தின நாள், சுத்தமாக இருக்க வேண்டும். வெள்ளியும் விரதம். சனிக்கிழமை மோகனுக்கு நைட் ஷிப்டு.

மறுநாள் காலையில் வரலட்சுமி, "ஏனுங்க அத்தை, சஷ்டிக்குச் சென்னிமலைக்கே போய்ட்டு வாரோமுங்க. ரெண்டு நாள் தங்கிக் கும்புடலாம்னு இருக்கறோம்" என்றாள்.

பழனாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வழிக்குக் கட்டுச்சோறே கட்டிக் கொடுத்தாள்.

இருவரும் மலையேறினார்கள், கும்பிட்டார்கள், இறங்கிவந்து அடிவாரத்து லாட்ஜில் ரூம் போட்டார்கள். லாட்ஜ் பெட்ஷீட் ஒரே அழுக்கு. தெருவுக்குத் தெரு தறி ஓடும் சென்னிமலையில் பெட்ஷீட்டுக்கா பஞ்சம்? புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் அதைத் துவைத்து மடித்து அத்தையிடம் கொடுத்தாள் வரலட்சுமி. மலையிலிருந்து வந்ததென்று பழனாத்தாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வீட்டில் மாதம் மூன்று நாள் கொல்லைச் சாய்ப்பில் உட்கார வேண்டும். தேதி தள்ளினால் தெருவுக்கே தெரியும். தள்ளிப்போன நாலாம் நாளே பழனாத்தாள் மளிகைக்கடைவரை சொல்லிவிட்டாள். வரலட்சுமி டாக்டரிடம் ஓடினாள்.

"நாலு நாள்தானுங்க தள்ளியிருக்குது. வாந்தி இல்லீங்க. அடிவயிறு மட்டும் அப்பப்ப இழுக்குது. இல்லீன்னு ஆயிட்டா என் கதி என்னங்க?"

"இப்பவே வாந்தி வரணும்னு சட்டமா? லேசா இழுக்கறது சகஜம்தான், ரொம்ப வலிச்சா உடனே வா. இல்லாட்டி ஒரு வாரம் பொறு. காலைல முதல்ல போற யூரினைப் பிடிச்சுக் கொண்டு வா, பாத்துடலாம்."

அந்த ஒரு வாரமும் சாய்ப்புக் கதவின் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

உண்டாகியிருந்தது.

பழனாத்தாள் சுவரோரம் வந்து என் மாமியாரிடம், "எல்லாம் விரதமுங்க! உங்க மருமகளுக்கும் கண்ணாலமாகி ஒண்ணரை வருசமாச்சுல்லீங்க? பையனை வாசல்ல படுக்கச் சொல்லுங்க" என்றாள். அன்று மாலையே என் கணவரின் பாய் வாசலுக்குப் போயிற்று.

மறுநாள் வரலட்சுமி சுவருக்கு மேலாக ஒரு கட்டு முருங்கைக்கீரையை நீட்டினாள். சுற்றியிருந்தது அந்தக் காலண்டர்த் தாள்.

"வட்டமெல்லாம் என்ற தேதிக்கு. உன்ற தேதியை டாக்டர்கிட்டக் கேட்டுக்க அம்மணி" என்று சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போய்விட்டாள்.

தாளைத் திருப்பினேன். பென்சிலில் லாட்ஜின் பெயர். அதன் கீழே ஒரு வரி: பெட்ஷீட் இங்கிருந்தே கொண்டு போ.