பனிக்குத் திறந்த ஜன்னல்

கேசட் வந்து ஊரே டேப்புக்கு மாறிய பிறகும் ஏற்காட்டு மளிகைக்காரர் அப்துல் மஜீத் இசைத்தட்டை விடவில்லை. குடிக்கிற புருஷனுக்குப் பாட்டு கேட்கிற புருஷன் தேவலை என்றுதான் மைமூனும் ஆரம்பத்தில் நினைத்தாள். புது பிளேயர் வந்தபோது அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா போனது. ஆம்ப்ளிஃபயர் வந்தபோது ஆடுகள் போயின. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சேலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால், கிளியூர் தச்சர் பொன்னுவேல் சில்வர் ஓக் மரத்தில் செய்த இரண்டு பெட்டிகள் கூடத்தில் நிற்கின்றன. அவளுடைய தையல் மெஷின் இருந்த இடம் அது.

"ஏனுங்க, மெஷின் எங்கீங்க?"

"பொன்னுவேலு சம்சாரம் பொன்னாயி தையல் பழகோணும்னுச்சாம். பொட்டிக்குக் கூலியாக் குடுத்துட்டேன். இதக் கேளு மைமூன், பாடறவங்க மூச்சு உடறதுகூடக் கேக்குது!"

பெருநாள் வந்தால் தெருவே அவளிடம்தான் துணியோடு நிற்கும். அதுவரை டெய்லரக்காவாக இருந்தவள் ஒரே நாளில் மளிகைக்காரர் சம்சாரம் ஆகிவிட்டாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டால் இரண்டு நாளில் ஆறிப்போகும், அவளுக்கு ஆறக்கூடாது.

பிற்பகலில் பனி ஏறிவருவதற்குள் ஜன்னலைச் சாத்துவது ஏற்காட்டில் எல்லா வீட்டிலும் பழகிய வேலை. மைமூன் அதைத் திருப்பிச் செய்தாள். புருஷன் கடைக்குப் போனதும் கூடத்து ஜன்னலை அகலத் திறந்தாள். இசைத்தட்டுகளை உறையிலிருந்து உருவி ஒவ்வொன்றாகப் பனிக்குக் காட்டினாள். அவர் வருவதற்குள் எல்லாம் பழையபடி இருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் தட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. பாடகர் வாயைத் திறந்தாலே கடுகு வெடித்தது. மஜீத் முகம் வாடியதைப் பார்த்து அவளுக்குச் சோறு ருசித்தது.

ஆனால் மஜீத் பனியைச் சந்தேகப்படவில்லை, சாமானைச் சந்தேகப்பட்டார். ஊசியை மாற்றினார், சுவர்க் கடிகாரம் போனது. இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினார், கட்டில் போனது. கடைசியில் ஒருநாள், "பிளேயரே சரியில்ல மைமூன், வெளிநாட்டுது ஒண்ணு சேலத்துல இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் காதையே பார்த்தார். அவள் வாப்பா போட்டுவிட்ட கம்மல் அந்தக் காதில் இருந்தது.

இத்தனை நாளும் தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைத்திருக்கிறாள்!

"பிளேயரு நல்லாத்தானுங்க இருக்குது. தெனமும் ஜன்னலத் தொறந்து பனிய உட்டது நாந்தான்."

மஜீத் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைப் போட்டார்.

"மெஷின் ஊட்டுக்கு வரட்டும். இல்லீன்னா நாளைக்கும் தொறப்பேன். நீங்க என்ன, கடையச் சாத்திட்டு ஜன்னலுக்குக் காவல் இருப்பீங்களா?"

பொன்னாயி லேசில் விடவில்லை. பெரிய ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துத்தான் மெஷினை மீட்க முடிந்தது. மஜீத் ஸ்பீக்கர்களைப் பழைய சின்ன ஆம்ப்ளிஃபயரிலேயே மாட்டிக்கொண்டார். ஜன்னல் மூடியே இருந்தது. மைமூன் வாக்குத் தவறவில்லை.

சாயங்காலம் கடை சாத்தி வந்து, துடைத்த தட்டைச் சுழலவிட்டு, அவர் கண்ணை மூடினார். கூடத்தின் மறுகோடியில் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

"மைமூன், பாட்டு முடியற வரைக்கும் கொஞ்சம் நிறுத்தேன்."

"பெருநாள் துணி நொம்பக் கெடக்குதுங்க" என்றாள் டெய்லரக்கா. பாடகர் மூச்சு விடுகிற இடம் வந்தது. அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.