இரண்டு கதவுகளுக்கு ஒரு கயிறு

...தூறல் விழுந்தால் பிள்ளைகள் வராமல் இருந்துவிடுவார்களா என்ன, நாங்கள் போகவில்லையா, இந்தக் கிரீனாக் ஊரில், பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக வருகிற ஹாலோவீன் அன்றைக்கு மழை பெய்யாத வருஷம் எது, ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அட்டையில் செய்த முகமூடி நனைந்து மூக்கு பிய்ந்து விழுகிறவரை படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்குவோம், நானும் லாக்லனும்... இதோ, கடலையைத் தட்டில் கொட்டும்போதே அவன் பெயர் வந்துவிட்டது. கொட்டாமல் இருந்தாலும் வந்திருக்கும். தோலோடு வறுத்த வேர்க்கடலை, குட்டி ஆரஞ்சு, அப்புறம் மிட்டாய் ஒரு பொட்டலம், இப்போதைய பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னாள், சரி என்று வாங்கினேன். ஆனால் ஜன்னலில் டர்னிப் கிழங்கைக் குடைந்த விளக்குதான். பூசணிக்காய் விற்கிறார்கள், வெண்ணெய் மாதிரிக் குடைந்துவிடலாம், அதில் அந்த வாசனை வருமா? டர்னிப்பைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு வீங்க வேண்டும், முப்பத்தொன்பது வருஷம் கப்பல் தகட்டில் துரு சுரண்டிய கைக்கே நாலு மணி நேரம் பிடித்தது, உள்ளே மெழுகுவத்தியை ஏற்றியதும் மேல் மூடி கருகி ஒரு நாற்றம் வரும், லாக்லன் அதை மூக்கு விடைக்க இழுத்து, பண்டிகை வந்துடுச்சுடா டூகல் என்பான். ஏழு வயதில் சொன்னான், ஐம்பது வயதிலும் சொன்னான், அவன் மனைவி நெட்டா முதுகில் ஒன்று வைத்து, டர்னிப்பை மோந்து பாக்குற மனுஷனுக்கா நான் வாக்கப்பட்டேன் என்பாள். இந்த நாற்றம் இப்போது எதிரே அவன் கதவுக்குள் போயிருக்குமா? நடுவில் நாலு எட்டுதானே இருக்கிறது...

திங்கட்கிழமை வண்டி வருகிறது. சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், லாக்லன் கனடாவில் இருக்கிற மகளிடம் போகிறான். அதைக்கூட அவன் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை, கீழ்த் தளத்து மிசஸ் டெவ்லின்தான் குப்பைத் தொட்டியருகே நிறுத்திச் சொன்னாள், எதிர் வீட்டுக்காரன் நீ, உனக்கு நான் வந்து சொல்ல வேண்டியிருக்கு பாரு, ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கப்பா. ஒரே படிக்கட்டு வீடுகளில் பிறந்து, ஒரே கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அறுபது வருஷம் எதிரெதிரே... கடைசி நாலு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. அவள் சொன்ன நாளிலிருந்து இரண்டு வாரமாக நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கதவுவரை போகிறேன். லாக்லன், அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. ஐந்தே வார்த்தை. சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், கைப்பிடியைத் தொட்டதும், சரி, சாப்பிட்டுவிட்டுப் போகலாம், மழை விடட்டும், நாளைக்குப் பார்ப்போம்... இன்றைக்கு சனி. நாளை என்று இனி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

தட்டுகிறார்கள். எலும்புக்கூடு ஒன்று, சூனியக்காரி ஒன்று, சூனியக்காரிக்கு முன்பல் இரண்டும் இல்லை. ஏதாவது செஞ்சு காட்டினாத்தான் கடலை, தெரியும்ல என்றேன். எலும்புக்கூடு தொண்டையைச் செருமிக்கொண்டு, மிஸ்டர், எங்க வீட்டுக்கு ஒரு பேய் வந்துச்சு, எங்கம்மா அதைப் பாத்து, காலை மிதியடியில தேச்சுட்டு உள்ள வான்னாங்க என்றது. அப்புறம்? அதுக்குக் காலே இல்ல. அப்புறம்? அம்மாவுக்குக் கோவம், சொன்ன பேச்சைக் கேக்காத பேய்க்கு எங்க வீட்ல சோறு கிடையாதுன்னுட்டாங்க. சிரித்தேன், நிஜமாகவே சிரித்தேன், பிள்ளைகள் பையை விரித்துப் பிடித்தார்கள். எதிர் வீட்ல தட்டினீங்களா என்று, ஏன் கேட்டேனோ, கேட்டுவிட்டேன். தட்டினோமே என்றாள் சூனியக்காரி, பாடச் சொன்னாரு, பாடினேன், சுருதி தப்புறியேம்மான்னு அவரே பாட ஆரம்பிச்சுட்டாரு, நிறுத்தவே இல்ல, எங்களுக்குக் கால் வலிச்சுப் போச்சு. ஆமாம், அவன் அப்படித்தான். அந்தக் காலத்தில் அவன்தான் பாடுவான். எனக்குப் பாட்டும் வராது, புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்ய எழுத்தும் தெரியாது, அதனால் நான் கையால் நடப்பேன், தலைகீழாக, அப்பாவின் கோட்டு முகத்தில் வந்து விழ, யார் வீட்டுக் கம்பளத்திலோ நாலு தப்படி, மேலிருந்து லாக்லன் குரல் கேட்கும், விழாதடா, இன்னும் ரெண்டு அடி, ஆப்பிள் இருக்குடா இந்த வீட்ல... வாசலில் நின்ற பெரியவர்களுக்குக் கேட்காதபடி, பாட்டுக்கு நடுவிலேயே, ராகத்தோடு சொல்வான்.

அந்த அட்டை. அதை நினைக்காமல் இருக்க முடியுமா, கதவைத் திறக்கிறபோதெல்லாம் கைப்பிடியில் ஆடுகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் இப்படி ஒன்று உண்டு, இந்த வாரம் படிக்கட்டு கழுவும் முறை உங்களுடையது என்று அச்சடித்தது, கழுவி முடித்தவர் எதிர்க் கதவில் மாட்டிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் நெட்டாவை ஒரு வெள்ளிக்கிழமை புதைத்தோம். நானும் ஒரு கயிற்றைப் பிடித்துப் பெட்டியை இறக்கினேன், கை எரிந்தது. மறுநாள் சனிக்கிழமை, என் முறை, விடிந்ததும் வாளியை எடுத்தேன், கழுவினேன், நிமிர்ந்தேன், அட்டையை அவன் கதவில் மாட்டிவிட்டு உள்ளே வந்து தேநீர் போட்டேன். யோசித்தா செய்தேன்? நாற்பது வருஷச் சனிக்கிழமை, கைதான் செய்தது. அப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கக்கூட எனக்குத் தெரியாது, வடிவம்தான் தெரியும், 'தயவுசெய்து' என்று அதில் ஒரு வார்த்தை இருப்பதே நூலகத்தில் செவ்வாய்க்கிழமை எழுத்து வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தேநீர் வாய்க்குப் போகுமுன்னே வெளியில் வாளிச் சத்தம். கதவில் இருக்கிற தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்... நான் அப்போதுதான் கழுவிய படியை, இன்னும் ஈரம்கூடக் காயாத படியை, அவன் முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான், முந்தின நாள் உடுத்தியிருந்த அதே கறுப்புக் கால்சட்டையோடு. மூடியை மெதுவாக இறக்கினேன். தேநீர் ஆறுகிறவரை அங்கேயே நின்றேன். அன்றைக்குச் சாயங்காலம் என் கைப்பிடியில் அட்டை ஆடியது, அவ்வளவுதான், அதன் பிறகு எங்களுக்குள் போக்குவரத்து என்று இருந்தது அது ஒன்றுதான், ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.

மறுபடி கதவு தட்டுகிறார்கள், இந்த முறை பலமாக, எதிர்க் கதவும் கூடவே இடிபடுகிறது, தட்டை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தால் கதவு ஒரு சாண் வந்து நின்றது. இழுத்தேன். யாரோ வெளியிலிருந்து வெடுக்கென்று இழுத்து அறைந்தார்கள், கடலை தரையெல்லாம் சிதறியது. காற்றா? மறுபடி இழுத்தேன், ஒரு சாண், எதிரே ஒரு கதவு படாரென்று மூடுகிற சத்தம், மறுகணம் என் கதவு கையைப் பிய்த்துக்கொண்டு போனது. இடுக்கில் பார்த்தேன், துணி உலர்த்துகிற பச்சைக் கயிறு, என் கைப்பிடியிலிருந்து அவன் கைப்பிடிக்கு, நடுவில் துளி தொய்வு. கீழே இரண்டு மூன்று தடிப்பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடுகிறார்கள். அட பாவிகளா... எத்தனை வருஷமாகிவிட்டது இதைப் பார்த்து. இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் நாங்களல்லவா, ஒன்பது வயது, இம்ரி அம்மாள் கதவுக்கும் எதிர் வீட்டு டிராம் கண்டக்டர் கதவுக்கும், கிழவி ஒரு பக்கம், கண்டக்டர் ஒரு பக்கம், இழுத்தார்கள் பார், நாங்கள் மேல் தளத்தில் படுத்துக்கொண்டு ஒருவன் வாயை ஒருவன் பொத்தி, லாக்லனுக்குச் சிரித்துச் சிரித்து மூத்திரமே வந்துவிட்டது. வீட்டைத் தேர்ந்தெடுப்பது அவன்தான். பேசிக்கிறவங்க கதவுல கட்டக் கூடாதுடா டூகல், ரெண்டு வார்த்தையில அவுத்துடுவாங்க, பேச்சு வார்த்தை இல்லாத வீடாப் பாத்துக் கட்டணும். அப்படியானால்... இந்தப் பையன்களுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை படிக்கட்டில், இத்தனை கதவில், எங்களுடைய இரண்டையும் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

யார்டா இழுக்கிறது என்று எதிர்ப்பக்கம் குரல். நாலு வருஷத்துக்குப் பிறகு, கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் வயதாகி.

"நான்தான்."

"நீதான்னு தெரியும். எதுக்கு இழுக்கிறன்னு கேட்டேன்."

"நீ விட்டா நான் ஏன் இழுக்கப் போறேன்."

"நான் விட்டா என் கைப்பிடி உன் வீட்டுக்கு வந்துடும்டா கழுதை, திருகாணி ஆடிக்கிட்டுக் கிடக்கு."

"பட்டறையில வேலை பாத்தவன்தானே, திருகாணி முடுக்கத் தெரியாது?"

"திங்கக்கிழமை போறவன் எதுக்குடா முடுக்கணும்."

அவனே சொல்லிவிட்டான். கையில் வெற்றுத் தட்டோடு நின்றேன். மிசஸ் டெவ்லின் சொன்னபோது அது செய்தியாக இருந்தது, அவன் வாயில் கேட்டபோது நிஜமாகிவிட்டது. என்ன சொல்வது, கனடாவில் குளிராமே என்பதா, ஐந்து வார்த்தையையும் இந்த இடுக்கு வழியாகவே சொல்லிவிடுவதா... நான் மூடிக்கிறேன், உனக்கு ஒரு சாண் கிடைக்கும், கத்தியை விட்டு அறுத்துடு என்றேன், வாயில் வந்தது அதுதான். மூடினேன். கதவு நெற்றியில் குளிர்ந்தது. ரொட்டி அறுக்கிற கத்தியாக இருக்க வேண்டும், கறக் கறக் என்று நெடுநேரம், நடுவில் இரண்டு கெட்ட வார்த்தை, பிறகு கயிறு தரையில் விழுகிற சத்தம், அவன் கதவு முழுதாகத் திறக்கிற சத்தம். காலடிகள். ஒன்று, இரண்டு... என் கதவுக்கு வெளியே அவன் மூச்சு. கைப்பிடியைத் திருகப் போனேன். திறக்காத, முடிச்சு இறுகுது என்றான். சரி என்று நின்றேன். முடிச்சோடு மல்லுக்கட்டுகிற சத்தம், நகம் கீறுகிற சத்தம், பிறகு அதுவும் நின்றது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று தெரிந்தது. திருகினேன். கைப்பிடி அசையவில்லை, அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"விடுடா."

"திறக்காத. அப்படியே சொல்லு."

"எதை?"

"ரெண்டு வாரமாக் கதவுக்குப் பின்னாடி நின்னு முணுமுணுக்கிறியே, அதை."

கேட்டிருக்கிறதா... எல்லாம் கேட்டிருக்கிறது. தினமும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றது, திரும்பிப் போனது. லாக்லன் என்றேன், அடுத்த நாலு வார்த்தை எங்கே போயினவோ, அட்டை... நான் யோசிக்கல, கை பாட்டுக்கு மாட்டிடுச்சு, அன்னைக்கு... என்று உளறினேன். அட்டையா என்றான். அட்டை கிடக்கட்டும்டா. நெட்டா இருந்தா அவளே வாளியைக் கையில குடுத்து, உன் முறைதானே போய்க் கழுவுன்னு தள்ளியிருப்பா. வீட்டுக்குள்ள உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல, செய்ய ஒரு வேலை கிடைச்சுதேன்னு அன்னைக்கு உனக்கு நன்றிதான் சொன்னேன் மனசுக்குள்ள. அப்போ எதுக்குடா நாலு வருஷம் என்றேன். எதுக்கா என்றான், குரல் கதவுக்கு மிக அருகில், உன் வாசப்படிக்கிட்டத் தேச்சுக்கிட்டு இருந்தேன், துவாரம் திறந்துச்சு. சரி, வரான்னு நினைச்சேன். மூடிக்கிச்சு. அப்புறம் அந்த ஒரு படியை எவ்வளவு நேரம் தேச்சேன்னு உனக்குத் தெரியுமா?

தெரியாது. தெரியாதா? தேநீர் ஆறுகிறவரை கேட்டுக்கொண்டுதானே நின்றேன், ஒரே இடத்தில், ஒரே சீராக, போயும் வந்தும்... அதை இத்தனை வருஷமாகக் கோபம் என்றல்லவா எண்ணிக்கொண்டிருந்தேன். இது கல்லைத் தேய்க்கிற சத்தம் இல்லை, ஒருவன் என் கதவைத் தட்டுகிற சத்தம் என்று ஏன் தோன்றவில்லை எனக்கு... கைப்பிடி தளர்ந்தது. விட்டுவிட்டான். காலடிகள் திரும்பிப் போகின்றன, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இனி அவன் கதவு மூடும். மூடுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், வரவில்லை, மழைச் சத்தத்தில் தவறவிட்டேனா, இல்லை, அந்தக் கதவு மெதுவாக மூடத் தெரியாத கதவு, இன்னும் திறந்துதான் கிடக்கிறது. கீழே அடுத்த கூட்டம் ஏறி வருகிறது, முதல் தளம், சிரிப்பு, மிசஸ் டெவ்லின் யாரையோ ஈரக் காலோடு வராதே என்று அதட்டுகிறாள், இன்னும் ஒரு சுற்றுப் படி, வந்தால் தட்டுவார்கள், தட்டினால் நான் திறப்பேன், ஆனால் அது அவர்களுக்குத் திறந்ததாகத்தானே ஆகும், அவனுக்குத் திறந்ததாக ஆகாதே... காலடியில் கடலைத் தோல் நொறுங்குகிறது, கை ஏற்கெனவே கைப்பிடியின் மேல்தான் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரியவில்லை.