கறுப்புக் கோடு போட்ட படம்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தலைநகர் சோஃபியாவின் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஒரு பேருந்து. அதில் தங்கை ஸ்லாவ்காவை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க நெவேனாவுக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஸ்லாவ்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஒரு மார்பை எடுத்தாயிற்று, மூன்று முறை மருந்து ஏற்றியாயிற்று. நான்காவது முறைக்கு வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்துக்கும் வழிச்செலவுக்கும் கையில் காசில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல.

“ஊரு என்னைப் பொதைச்சாச்சுக்கா. என்னைக் கண்டா எதிர்சாரிக்குப் போயிடறாங்க. ஒரே தட்டுல தின்னவ பாவ்லினா, நாலு மாசமா எட்டிப் பாக்கல. யாருக்காக நான் இன்னும் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கணும்?”

அவள் சொன்னதில் பொய்யில்லை. பதினெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா சுட்டு விற்றவள் அவள். லோம் ஊரில் பாதிப் பேர் அவள் கையால் பசியாறியவர்கள். நோய் என்று தெரிந்ததும் அத்தனை பேருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். நோயாளியைப் பார்க்க வா என்றால்தான் கால் எழும்பாது. நானும் இந்த ஊர்தான், தெரிந்துதான் சொல்கிறேன்.

நெவேனா லேசில் விடுகிறவள் இல்லை. மார்ச் பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை சந்தை களைகட்டும். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் விற்பார்கள். அதை ஒருவருக்கொருவர் கையில் கட்டி நோய்நொடியில்லாமல் இரு என்று வாழ்த்துவோம், நாரை கண்ணில் படும்வரை கழற்ற மாட்டோம். மகளிர் சங்கத்துக்காரிகளின் உயிரை வாங்கி, சந்தையில் ஒரு மேசைக்கு இடம் பிடித்துவிட்டாள் நெவேனா.

“நூலை நீ முறுக்கு, நான் விக்கறேன். நீயும் பன்னெண்டு மணிக்கு வந்து நில்லு. ஊரு உன்னை மறந்துச்சா இல்லையான்னு உன் கண்ணாலயே பாரு.”

ஸ்லாவ்கா சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். பிறகு சொன்னாள்: “வர்றேன். ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்து, நல்லாருக்கியாடின்னு கேட்டா திங்கக்கிழமை வண்டி ஏறறேன். கேக்கலன்னா அப்புறம் என்னை விட்டுடணும்.”

“நூறு பேர் கேப்பாங்கடி.”

மருந்தால் மரத்துப்போன விரல்களை வைத்துக்கொண்டு ஸ்லாவ்கா இருநூறு நூல் முறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை நெவேனா ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். தன் மகள் கல்யாணத்தில் ஸ்லாவ்கா கூந்தலை விரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த படத்தைக் கொடுத்தாள். கீழே ‘ஸ்லாவ்கா, 49 வயது’ என்றும், அதற்கும் கீழே ‘குணமாக உதவுங்கள்’ என்றும் போடச் சொன்னாள்.

“கலர் மை தீந்துபோச்சு அத்தை. கறுப்பு வெள்ளைல போட்டுத் தரவா? சுத்தி ஒரு கோடு போட்டா எடுப்பா இருக்கும்,” என்றாள் கடைப்பெண். அவள் தினமும் செய்கிற வேலைதான் அது, கை தானாகக் கோடு போட்டுவிட்டது. நெவேனாவும் அவசரத்தில் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை டான்யூப் ஆற்றிலிருந்து ஊசிக்காற்று அடித்தது. மேசைக்குப் பின்னால் பலகையில் படத்தை ஒட்டி, முன்னால் நூல் பெட்டியையும் உண்டியலையும் வைத்தாள். பெட்டி உயரம். ‘குணமாக உதவுங்கள்’ என்ற வரி அதற்குப் பின்னால் போய்விட்டது. அதை அவள் கவனிக்கவில்லை.

முதலில் வந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நல்ல மரியாதை தெரிந்த மனுஷர் என்று நெவேனா நினைத்தாள். அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உண்டியலில் ஒரு நோட்டைப் போட்டார். நூலை நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“வேணாம்மா,” என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து வந்தவளும் காசு போட்டாள், நூல் வாங்கவில்லை. அதற்கடுத்தவளும் அப்படியே. ஒருத்தி நெவேனாவின் கையைப் பிடித்து அழுதாள். உண்டியல் கனத்தது. இருநூறு நூலில் ஒன்று குறையவில்லை. இதென்ன கூத்து என்று நெவேனாவுக்குப் புரியவில்லை.

பத்து மணிக்குப் பக்கத்து மேசைத் தேன்காரன் கென்ச்சோ அருகில் வந்தான். சந்தையையே பேச்சால் விற்றுவிடக்கூடிய ஆள். அன்று குரலைத் தாழ்த்தினான்.

“ஏங்க்கா, ஸ்லாவ்கா எப்ப போனா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“வாயக் கழுவுடா! அவ வீட்ல உயிரோட இருக்கா.”

“அப்ப எதுக்கு இரங்கல் தாளு ஒட்டிவச்சிருக்க?”

நெவேனா திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கோடு, கறுப்பு வெள்ளை முகம், பெயர், வயது. எங்கள் ஊரில் ஒருவர் போனால் வீட்டுக் கதவு, பேருந்து நிறுத்தம், மரம், விளக்குக்கம்பம் என்று ஒன்று விடாமல் ஒட்டுவோமே, அசல் அதேதான். செத்தவள் முறுக்கிய நூலை ஆயுசு வேண்டி யார் கையில் கட்டிக்கொள்வார்கள்? 

நெவேனா அதைக் கிழித்தெறியக் கை வைத்தாள். அதே நேரம் குளிர்க்கோட்டு போட்ட ஒரு பெண், “ஆண்டவன் அவளை மன்னிக்கட்டும்,” என்று போனவர்களுக்குச் சொல்கிற வார்த்தையைச் சொல்லி ஐம்பது லெவா நோட்டை மடித்துப் போட்டாள். இந்த நாலு மாதத்தில் ஐந்து லெவா கொடுக்க முன்வராத ஊர் இது.

நெவேனாவின் கை பலகையிலேயே நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், ஸ்லாவ்கா பன்னிரண்டுக்குத்தானே வருகிறாள், பதினொன்றரைக்கு எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, என்று நினைத்தாள். நினைத்தவள் படத்தின் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்துகொண்டாள். கென்ச்சோ எல்லாவற்றையும் பார்த்தான். அன்றைக்குப் பார்த்து அவனும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்லாவ்கா பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. தலையில் புது ஸ்கார்ஃப், உதட்டில் சாயம். வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தவள், மேசைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள்.

மேசைக்கு முன்னால் பாவ்லினா நின்றிருந்தாள். கையில் சிவப்பு கார்னேஷன் பூக்கள். தோள் குலுங்க அழுதுகொண்டே படத்துக்குக் கீழே அவற்றை வைக்கப் போனாள். நெவேனா ஸ்லாவ்காவைப் பார்த்துவிட்டு எழுந்தாள். 

ஸ்லாவ்கா படத்தைப் பார்த்தாள். உண்டியலைப் பார்த்தாள். பெட்டி நிறையக் கிடந்த தன் நூல்களைப் பார்த்தாள். நடந்துபோய்ப் பாவ்லினாவின் பக்கத்தில் நின்று, பூக்களை விரலால் தொட்டு எண்ணினாள்.

“ஆறு,” என்றாள். “முறை தப்பாம வாங்கியிருக்க.”

உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படை, போனவருக்கு இரட்டைப்படை. பாவ்லினா ஐயோ என்று கத்திவிட்டாள். பதறிப்போய்ப் பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவினாள். மீதி ஐந்தையும் ஸ்லாவ்காவிடம் நீட்டினாள்.  கண் மட்டும் பூவிலேயே இருந்தது.

“எனக்குத் தெரியலடி... யாரும் சொல்லல... நான் வரணும்னுதான்...”

“செத்தவளப் பாக்க வர முடிஞ்சுதுல்ல?”

 ஸ்லாவ்கா பாவ்லினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவசரப்படாமல் நின்றாள். ஒரு தடவை நிமிர்ந்து பார் என்று நெவேனா மனசுக்குள் கெஞ்சினாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத் தொலை, மகராசி! பாவ்லினா நிமிரவேயில்லை. கென்ச்சோ குனிந்து, ஏற்கனவே நேராக இருந்த தேன் பாட்டில்களை நேராக்கிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது.

“அந்தப் பூவத் திரும்ப அதுலயே வை. இல்லன்னா சீக்கிரமே மறுபடியும் வாங்க அலையணும்,” என்றாள் ஸ்லாவ்கா.

நெவேனா பாய்ந்து படத்தைக் கிழித்தாள். “கடைக்காரி தப்புடி! கலர் மை இல்லேன்னா... எனக்கு இப்பத்தான்...”

“எப்பக்கா தெரியும் உனக்கு?”

நெவேனா வாயைத் திறந்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவளிடம் அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

“பத்து மணிக்கு.”

ஸ்லாவ்கா தலையாட்டிக்கொண்டாள். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நெவேனா பிழைத்திருப்பாள். பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து அக்காவின் மணிக்கட்டில் கட்டினாள். விரல் மரத்துப்போனதால் முடிச்சு விழ நேரமாயிற்று.

“நீயாவது நல்லாரு,” என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே வேலியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே நெவேனா பையும் பணமுமாக நிலையத்தில் நின்றாள். பேருந்து வந்தது. ஓட்டுநரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தாள். பிறகு அதுவும் போய்விட்டது. ஓடிப்போய்த் தங்கை வீட்டுக் கதவை உடைத்துவிடுவது போலத் தட்டினாள்.

“நாம பேசினது ஞாபகம் இருக்குல்ல?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “விட்டுடுக்கா.”

அந்த வருஷம் நாரைகள் சீக்கிரமே வந்துவிட்டன. நெவேனா நூலைக் கழற்றவில்லை.

ஜூன் மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அதே பெண்தான் இருந்தாள். நெவேனாவின் கறுப்பு உடையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் தேடி எடுத்தாள்.

“கலர் மை இருக்கு அத்தை. இந்தத் தடவை கலர்லயே போட்டுத் தரேன். எவ்ளோ அழகாச் சிரிக்கறாங்க.”

“வேணாம்மா,” என்றாள் நெவேனா. “அன்னிக்குப் போட்ட மாதிரியே போடு. அப்பத்தான் ஊரு வரும்.”

“சுத்திக் கோடு?”

“அதுவும் போடு. கீழ இருக்கற கடைசி வரிய மட்டும் எடுத்துடு.”