அண்ணியின் இரண்டாவது நிரல்

1

இந்தக் கதையை நான் திருடித்தான் தொடங்கினேன். அண்ணியின் கைப்பையில் பேனா தேடினேன். பேனா கிடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தது, எழுதுகிறவர்களுக்கு அடுத்தவர் நோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது.

முதல் பக்கத்தில் 'பைத்தான்' என்று தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியைக் கணினியில் அடித்து ஓட்டினால் திரையில் 'வணக்கம்' என்று வரும். அடுத்த பக்கத்தில் 'சி'. அதே வணக்கத்துக்கு இங்கே ஆறு வரிகள். அதற்கடுத்து ஜாவா. பிறகு ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, பேசிக், கோ. ஏழு பக்கங்களில் ஏழு கணினி மொழிகள், ஏழு வணக்கங்கள். எட்டாவது பக்கத்திலிருந்து கடைசிவரை நோட்டு வெறுமையாக இருந்தது.

என் மேசை இழுப்பறையில் பதினோரு கதைகளின் முதல் பக்கம் கிடக்கிறது. இரண்டாம் பக்கம் ஒன்றுக்கும் கிடையாது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"நாற்பத்தாறு வயதில் கணினியின் முன் அமர்ந்த அந்தப் பெண்ணின் கண்களில்" – இல்லை. இது பயிற்சி மையத்தின் விளம்பரம்.

"வணக்கம் சொல்லத் தெரிந்தவளுக்கு அதற்குமேல் என்ன பேசுவதென்று" – இதற்குமேல் என்ன எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அண்ணி ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை பார்க்கிறார். பழைய நோயாளிகளின் கோப்புகள் அங்கே நூறு அலமாரிகளில் இருக்கின்றன. கோப்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அலமாரியின் எண். 48213 வேண்டுமென்றால் பதின்மூன்றாம் அலமாரிக்குப் போக வேண்டும். இருபத்தோரு வருடமாக எண்களை வாலிலிருந்து படித்துப் பழகிய அண்ணி, பேருந்து எண்ணைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

இப்போது கோப்புகளெல்லாம் கணினிக்குப் போகின்றன. அறையை மூடப்போகிறார்கள். அங்கிருக்கும் ஒன்பது பேருக்கும் மூன்று மாதப் பயிற்சி, முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. நான்கு பேரைப் புதிய கணினிப் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள். மற்ற ஐந்து பேருக்கும் பேருந்தில் ஏழு மணி நேரம் தள்ளியிருக்கும் கிளைக்கு மாற்றல். அண்ணிக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். தினமும் அம்மாவாக இருப்பதா, வாரக்கடைசியில் மட்டும் அம்மாவாக இருப்பதா என்பதைத்தான் அந்தத் தேர்வு முடிவு செய்யும். வீட்டில் என் அண்ணன் இருக்கிறார், நல்ல மனிதர், மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் சற்று யோசிப்பார்.

[அண்ணன் இதைப் படிப்பார். படிக்கட்டும்.]

3

ஒரு கணினி மொழி புதிதாக வருகிறவரை வாசலில் எப்படி நடத்துகிறது என்பது முதல் நிரலிலேயே தெரிந்துவிடும். (நிரல் என்றால் புரோகிராம்தான். அண்ணியும் புரோகிராம் என்றுதான் சொல்வார். எழுதும்போது எனக்கு நிரல் என்று வருகிறது.)

பைத்தான் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம். சி கொஞ்சம் கண்டிப்பு. எந்தப் பெட்டியிலிருந்து கருவியை எடுத்தோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், முடிந்ததும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பூஜ்யத்தைத் திருப்பித் தர வேண்டும். ஜாவா ஓர் அரசு அலுவலகம். வணக்கம் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எந்தப் பிரிவு, யாரெல்லாம் உங்களைப் பார்க்கலாம் என்று படிவம் நிரப்ப வேண்டும். பழைய பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும். ஒன்று, இரண்டு என்றில்லை. பத்து, இருபது, முப்பது. நடுவில் எதையாவது மறந்திருந்தால் பதினைந்து என்று செருகிக்கொள்ளலாம். நாம் மறப்போம் என்று முன்பே தெரிந்து, அதற்கு இடமும் விட்டு வைத்திருக்கும் மொழி. எனக்கு இதைத்தான் பிடித்திருக்கிறது.

வாசல்கள் எப்படியிருந்தாலும் முதல் நிரல் எல்லா இடத்திலும் ஒன்றைத்தான் செய்கிறது. அது பேசுகிறது. இரண்டாவது நிரல் கொஞ்சம் கூடுதல். உங்கள் பெயரை வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அண்ணி ஏழு முறையும் அதில்தான் சிக்கினார். சிக்கியதும் மொழியை மாற்றினார்.

பயிற்சியாளருக்கு வகுப்பில் வைத்த பெயர் செமிகோலன். வரியின் கடைசியில் அந்த அரைப்புள்ளியை விட்டுவிட்டால் தலையில் கை வைத்துக்கொள்வாராம். முப்பது வயதுதான் இருக்கும்.

"சார், இந்த லாங்வேஜ் எனக்கு ஒத்து வரல."

"ஏன்க்கா, என்னாச்சு?"

"ரெண்டாவது புரோகிராம் அப்படியே நின்னுடுது சார்."

"அப்படியா? சரிக்கா, ஜாவா வேணா பாருங்களேன்."

நின்றுபோன திரையை அவரிடம் காட்ட அண்ணிக்குக் கூச்சம். தன்னைவிடப் பெரியவரிடம் காட்டச் சொல்லிக் கேட்க அவருக்குக் கூச்சம். இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து இரண்டரை மாதத்தை விழுங்கியது.

4

இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது:

~ அவள் பயந்தது இயந்திரத்துக்கு அல்ல. தன்னை யாரும் எதுவும் கேட்டதில்லை என்ற வாழ்நாள் துயரம், கேள்வி கேட்கும் ஒரு நிரலின் முன் ~

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அண்ணியிடம் கொடுத்தேன். துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"யாருக்கு வாழ்நாள் துயரம்?"

"கதையில வர்றவங்களுக்கு அண்ணி."

"கதையில வர்றவ என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் வேலைக்குப் போறா. துயரத்தை மட்டும் எங்கேருந்து கொண்டு வந்த?"

"இல்ல, உள்ளுக்குள்ள..."

"என்னை யாரும் எதுவும் கேக்கலையா? காலையில எந்திரிச்சா உங்கண்ணன் சாக்ஸ் எங்கன்னு கேக்குறார். உன் மருமக அழிரப்பர் எங்கன்னு கேக்குறா. இன்னும் யாராவது வந்து என்னைக் கேள்வி கேக்கணுமா, எழுத்தாளரம்மா?"

"அப்ப ஏன் ரெண்டாவதுலயே நிக்கிறீங்க?"

ஒரு சட்டையை மடித்தார். சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார்.

"முதல்ல எழுதுறது உடனே ஓடிடுதுல்ல. வணக்கம்னு வருதுல்ல. அது வரும்போது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? எனக்கு எதுவுமே முதல் தடவையிலேயே சரியா வந்ததில்ல. அதான் திரும்பத் திரும்ப அதையே பண்ணிப் பாக்குறேன் போல."

நான் பத்தியை அழித்தேன். (முழுக்க அழிக்க மனம் வரவில்லை. மேலே பார்த்தீர்களே.) அண்ணி சொன்னது என் கற்பனையில் வராது. வந்திருந்தாலும், அது என்னைப் பற்றியதாகவும் இருக்கிறது என்று பயந்து மாற்றியிருப்பேன்.

5

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. மதிய இடைவேளை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பதிவேட்டு அறையின் ஒரே கணினியில் அண்ணி மறுபடி பைத்தானைத் திறந்தார். எட்டாவது மொழி எதுவும் அந்தக் கணினியில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரண்டாவது நிரலை அடித்தார். ஓட்டினார். வழக்கம்போல் நின்றுவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. எப்போதும் இந்த இடத்தில் திரையில் திறந்திருக்கும் ஜன்னலை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அன்றைக்குக் காலையில்தான் மாற்றல் போகும் கிளையில் தங்குமிடம் கிடையாது என்ற செய்தி வந்திருந்தது. கோபம் தலைக்கேறி, விரல்களால் விசைப்பலகையைக் குத்திக் குத்தி அடித்தார்:

என்னதான் வேணும் உனக்கு

அடித்துவிட்டு, கடிதத்தில் வரியை முடிக்கிறவர் போல என்டர் பொத்தானையும் ஒரு தட்டுத் தட்டினார்.

வணக்கம் என்னதான் வேணும் உனக்கு

என்றது கணினி.

[இதை நான் கற்பனை செய்திருந்தால், ரொம்ப சாமர்த்தியமாக இருக்கிறதே என்று விட்டிருப்பேன்.]

அண்ணி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு நூறு அலமாரிகளுக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாராம். நிரல் நின்றுபோகவே இல்லை. அவர் பெயரை அடிப்பார் என்று அந்தக் கோடு காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மொழியாகத் திறந்து பார்த்தார். ஏழிலும் இரண்டாவது நிரலைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஏழும் அவருக்காகக் காத்திருந்தபோது அவர் ஜன்னலை மூடியிருந்தார்.

மறுநாள் வகுப்பில் அண்ணி நடந்ததைச் சொன்னதும் செமிகோலனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அக்கா, 'உங்க பேர் என்ன'ன்னு ஸ்க்ரீன்ல காட்டுற வரியையும் சேர்த்து எழுதியிருக்கணும். போர்டுல இடமில்லைன்னு நான்தான் விட்டுட்டேன்."

"பரவால்ல சார். நீங்க ஒரு வரி விட்டீங்க. நான் வாயைத் திறந்து கேக்கவே இல்ல."

இரண்டு வாரத்தில் நோட்டின் வெற்றுப் பக்கங்கள் நிரம்பின. எல்லாம் ஒரே மொழியில்.

6

தேர்வு, சனிக்கிழமை காலை பத்து மணி. ஐந்து கேள்விகள். முதல் கேள்வி: கோப்பு எண்ணை வாங்கிக்கொண்டு, அது எந்த அலமாரியில் இருக்கும் என்று சொல்லும் நிரல். எந்த மொழியிலும் எழுதலாம்.

நூறால் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால் போதும் என்று அண்ணிக்கு உடனே பிடிபட்டது. எழுதி ஓட்டினார். எண்ணைக் கொடுத்தார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள்.

"கை தன்னால போச்சு," என்றார் என்னிடம். "ஸ்க்ரீன்ல பக்கத்துலயே ஜாவாவைத் திறக்கிற பொம்மை இருந்துச்சு. மவுஸ் அது மேல போய் நிக்குது. அமுக்கினா போதும், புதுசா ஆரம்பிச்சிடலாம், முதல்ல வணக்கம் வரும்."

"அமுக்கிட்டீங்களா?"

"கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். அப்புறம் அந்தச் சிவப்பைப் படிச்சேன். கடைசி வரை. இத்தனை நாள்ல நான் அதைப் படிச்சதே இல்ல. சிவப்பா இருக்குன்னு மட்டும் பாத்திருக்கேன்."

அவர் கொடுத்த எண்ணை அது எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தது. இதை எண்ணாகப் பார் என்று ஒரு சொல் சேர்த்தார். சரியான அலமாரி வந்தது. அதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. மொத்தத்தில் மூன்று கேள்விகள் முழுதாக, நான்காவது பாதி.

7

நேற்று எழுதி அண்ணியிடம் காட்டிய முடிவுகள்.

முதலாவது: பட்டியலில் அண்ணியின் பெயர் உச்சியில் இருக்கிறது. படித்துவிட்டு அண்ணி சொன்னது: "மூணரைக் கேள்விக்கு முதலிடமா? மத்த எட்டு பேரும் தூங்கிட்டாங்களா?"

இரண்டாவது: பெயர் இல்லை. ஆனாலும் ஏழு மணி நேரப் பயணத்தில் மடிக்கணினியைத் திறந்து அவர் – "ஆறுதல் பரிசு கொடுக்காத. எனக்கு மக வேணும்."

மூன்றாவது: அண்ணிக்கு இடம் கிடைக்கிறது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கும் வீட்டில் ஒரு குழந்தை. இதை அண்ணி இரண்டு முறை படித்தார். காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. பதினொரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதற்குள் நானே ஒரு முடிவை எழுதிவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்த பிறகு எழுதினால் அது தகவல், கதையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்கும் பயம்தான். நல்லதாக இருந்தால் நம்ப வேண்டும். இல்லையென்றால் கூட நிற்க வேண்டும். இரண்டுக்கும் நான் என் வாக்கியங்களை விட்டு எழுந்தாக வேண்டும்.

கூடத்தில் போன் அடிக்கிறது.

மணி பதினொன்று ஐந்து. அண்ணியைத் தவிர இந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. இன்னும் நாலைந்து முறை அடித்து நின்றுவிடும். நின்றுவிட்டால் மூன்று முடிவுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கும்.

வேண்டுமானால் நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவதாக ஒன்றை எழுதினாலும் சரி. ஒன்பது பேரில் நாலு பேர் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அது நியாயமில்லை. நான் பேனாவைக் கீழே வைக்கிறேன், ஏனென்றால்

"சொல்லுங்க அண்ணி."