மூன்றாவது பாட்டின் முதல் குரல்

"வழி விடுங்க! அதை அழிக்கணும்!"

வேம்புலியம்மாள் கையில் ஈரத்துணியோடு ஓடிவந்தாள். கேட் இறங்கிவிட்டது. குனிந்து நுழையப் பார்த்தவளைக் கேட்கீப்பர் அய்யாசாமியின் விசில் நிறுத்தியது.

"இன்னாமே, உசுரு பாரமாப் பூட்ச்சா?"

"ஒரே நிமிஷம் அண்ணாத்தே. போர்டை அழிச்சிட்டு ஓடிடறேன்."

"நேத்து நீதானே எழுதினே? இன்னிக்கு நீயே அழிக்கிறியா? நல்லாக்கீது பொழப்பு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்ஸ் வண்டி வந்தது. வந்தது போகவில்லை. சிக்னல் கிடைக்காமல் ரோட்டுக்குக் குறுக்கே பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

போர்டு இருப்பது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பாஸ்கரன் கேசட் கடை வாசலில். கொரட்டூர் கேட்டில் மாட்டிக்கொண்ட எவருக்கும் அதைப் படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்பு பேக்கிங் செய்கிற வேம்பு, மாலையில் அங்கே சாக்கட்டியால் விமர்சனம் எழுதுவாள். செவ்வாய்க்கிழமை டி.வி. நாடகம், புதிதாக வந்த கேசட், இரண்டும் அவள் ராஜ்ஜியம். கூலி? புதுக் கேசட்டை ஊரில் முதல் ஆளாகக் கேட்கலாம், அவ்வளவுதான். 'அம்மாவாக வருபவர் அழும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்' என்று எழுதினால், அடுத்த வாரம் ஊரே அந்தக் கையைத்தான் பார்க்கும். 'இரண்டாம் பாட்டு சுமார்' என்றால், வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிய வருகிறவர்கள் இரண்டாம் பாட்டை விட்டுவிடுவார்கள்.

நேற்று அவள் எழுதியது இது: 'மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் மிதந்து வருவது ஜப்பான் கீபோர்டு. மனிதத் தொண்டைக்கு இது வராது. இனி கோரஸ் எதற்கு?'

எழுதும்போது எத்தனை பெருமையாக இருந்தது!

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைப் பக்கம் வந்தவளை, கேசட் கம்பெனி சேல்ஸ்மேன் ராமன் மொபெட்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டான்.

"போர்டு எழுதற பொண்ணு நீதானா? அது கீபோர்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்லமா. ஆளு பாடினது. அதுவும் உங்க ஊரு ஆளு."

"யாரு?"

"பேரு யாருக்குத் தெரியும்? அட்டையில கோரஸ்காரங்க பேரை எவன் போடறான்? மிஷின் வந்ததுலேர்ந்து அவங்களுக்கு வேலையே கம்மி. இன்னிக்கு ஸ்டூடியோவுல 'இனிமே கூப்பிடாதீங்க, நான் வரலை'ன்னு சொல்லிட்டுக் கிளம்பியாச்சாம். இந்த ட்ரெயின்லதான் வரணும்."

அந்த ஆள் இறங்கி நடந்தால் முதலில் கண்ணில் படுவது போர்டு. மனம் உடைந்து வருகிற ஆளுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் வரவேற்பு அது!

சென்ட்ரலிலிருந்து வந்த மின்சார ரயில் நின்று கிளம்பியது. வேம்பு சட்டென்று உட்கார்ந்து கூட்ஸ் வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே பார்த்தாள்.

கால்கள். கால்கள் மட்டும்.

ஐப்பசி மாலை. ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது. புடவைக் கரைகள் மெதுவாக நீந்திப் போயின. பச்சை, அரக்கு, மறுபடி பச்சை. நேரம் தெரியாமல் பாஸ்கரன் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டுவிட்டான். அந்த ஒலி ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, கூட்ஸ் வண்டியின் முதுகில் ஏறி, இந்தப் பக்கம் இறங்கிவந்தது. புல்லாங்குழல் என்றால் இல்லை. வயலின் என்றால் அதுவும் இல்லை. இப்போது கேட்டால் அதற்குள் மூச்சு இருந்தது, யாரோ ஒரு பெண்ணின் மூச்சு என்று தோன்றியது. நேற்று எப்படிக் கேட்காமல் போனது?

'நில்லாதே தாயே, போயிடு' என்று ஒவ்வொரு கரையையும் வேண்டிக்கொண்டாள். எந்தப் புடவையும் நிற்கவில்லை. நின்றது ஒரு ஆண்பிள்ளையின் பழைய பிரவுன் ஷூ. பக்கத்தில் ஊன்றிய குடையின் நுனி. 'யாரோ வேலையில்லாத மனுஷர்' என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கூட்ஸ் நகர்ந்தது. பாய்ந்து போய்ப் போர்டை அழித்தாள்.

"பாஸ்கரண்ணே, யாராச்சும் பொம்பளை வந்து நின்னாங்களா?"

"நானே சிக்கிக்கின டேப்பைப் பென்சில்ல சுத்திகினு கீறேன். எனக்கு எவ வந்தா, எவ போனா!"

சாக்கட்டி எடுத்தாள். 'மூன்றாவது பாட்டு: அது கருவி அல்ல, ஆள். நம் ஊர் ஆள். டேப் தேயும் வரை கேட்கலாம்.'

எழுதி என்ன? படிக்க வேண்டியவர் தாண்டிப் போயிருப்பாரே!

ஏழரை மணிக்கு, அவள் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி வசந்தகுமாரியின் ஹாலில் குடித்தனக்காரர்கள் எல்லாரும் நாடகம் பார்க்கக் கூடினார்கள். முன்போர்ஷனில் தனியாக இருக்கும் பார்சல் ஆபீஸ் பார்த்தசாரதி, அப்போதுதான் வெளியிலிருந்து வந்தவர், வழக்கம்போல வாசல்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்பதைத் தவிர அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதுவும் உப்புத்தாளைத் தேய்க்கிற குரல்.

"இன்னாடி வேம்பு, மூஞ்சி தொங்கிப் போச்சு? உன் பேனா மொக்கையாயிடுச்சா?" என்றாள் வசந்தகுமாரி.

"சாக்கட்டிக்கா அது. தப்பா எழுதிட்டேன்." நடந்ததை எல்லாம் கொட்டினாள். "மாத்தி எழுதிட்டேன்க்கா. ஆனா அந்தம்மா பழசைத்தானே படிச்சிருப்பாங்க? எனக்கு மட்டும் ஆளு தெரிஞ்சா, காலைப் புடிச்சாவது சொல்லுவேன். பாடறதை விட்டுடாதீங்கன்னு."

"பெரிய மனுஷி! நீ சொல்லித்தான் அவங்க பாடணுமாக்கும். நாடகத்தைப் பாரு."

நாடகத்தின் முகப்பு இசை ஆரம்பித்தது. கரண்ட் போனது.

"அய்யோ!" என்றது ஹால். தீப்பெட்டியைத் தேடி யாரோ சொம்பைத் தட்டிவிட்டார்கள். அது உருண்டு ஓய்ந்த பிறகு, இருட்டுக்குள் ஒரு இழை கிளம்பியது.

மூன்றாவது பாட்டின் தொடக்கம்.

ஸ்பீக்கர் இல்லை. டேப் இல்லை. யாரும் அசையவில்லை. சுவர்கள் விலகி, ஏரி உள்ளே வந்துவிட்டதுபோல அது அறை முழுக்கப் பரவியது. வேம்புவுக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் யார்? வசந்தகுமாரியா? கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். வாய் மூடியிருந்தது. அடுத்தவள்? அவளும் இல்லை.

தீக்குச்சி உரசியது. மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு, ஒலி வரும் திசையில் நடந்தாள் வேம்பு. வெளிச்சம் முதலில் ஒரு குடை நுனியில் பட்டது. பிறகு பிரவுன் ஷூவில்.

வாசல்படியில் கண்மூடி நின்ற பார்த்தசாரதி, அந்தச் சுரத்தை முடித்துவிட்டுத்தான் கண் திறந்தார்.

"நாளைக்கு ஒரு பாட்டு இருக்கும்மா," என்றது உப்புத்தாள் குரல். "வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். காலையில முதல் வேலையா போன் பண்ணி, வரேன்னு சொல்லணும்."