குடைக்குள் உலகச் சந்தை

அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டைத் தம்பி பிரித்துப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அக்கா, நாம காதல் கதை ஏதாவது போட்டமா?" என்று கேட்டான்.

அக்கா ஓடிவந்து பார்த்தாள். மேலுறையில் மழை. மழையில் ஒரே குடைக்குள் ஓர் ஆணும் பெண்ணும். மேலே சாய்ந்த எழுத்தில் 'நனையாத தோள்'. உள்ளே திறந்தால், முதல் இயல்: 'ஒரு நாட்டின் நாணயம் ஏன் சரிகிறது?'

அன்று காலைதான் புத்தக வெளியீடு.

இருவரும் நடத்தும் பதிப்பகத்துக்கு இரண்டே அறைகள். மாடியில் அக்கா பிழை திருத்துவாள், கீழே தம்பி விற்பான். அதுவரை அவர்கள் போட்டதெல்லாம் தேர்வு வழிகாட்டிகளும் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்களும்தான். கனமாக ஒரு புத்தகம் போட்டுவிட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. அப்போதுதான் பேராசிரியை வந்தார். கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் எடுப்பவர். எந்தப் பதில் சொன்னாலும் திரும்ப "ஏன்?" என்று கேட்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் மேடம்'. நாடுகள் எப்படி வியாபாரம் செய்கின்றன, எதற்காக முறைத்துக்கொள்கின்றன, எப்படிச் சமாதானம் ஆகின்றன என்று எல்லாருக்கும் விளங்கும்படி எழுதியிருந்தார்.

"உலகப் பொருளாதாரம்னு அட்டையில பார்த்தா, வாங்க வந்தவனும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடிருவான்," என்று தம்பி தலையிலடித்துக்கொண்டான். அக்கா பிடித்த பிடியை விடவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க அச்சுப் பிரதிகளைப் பரப்பி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏன் மேடத்துடன் மல்லுக்கட்டி, புத்தகத்தைக் கரைசேர்த்தாள். பெயர் 'நாடுகள் செய்யும் வியாபாரம்'.

அச்சக முதலாளியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். "உங்க புக்கும் ஒரு காதல் கதை புக்கும் ஒரே சைஸும்மா. மேலுறை மாறிப்போச்சு போல," என்று இழுத்தார்.

"எங்க மேலுறை இப்ப எங்க இருக்கு?"

"அந்தக் கதை எழுதின பல் டாக்டர் வீட்டுல. அவரோட புக் மேல."

டாக்டரின் எண்ணை அவர் கொடுத்தார். அக்கா விடாமல் அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. மேலுறையைக் கழற்றிப் பார்த்தான் தம்பி. உள்ளே வெறும் பழுப்பு அட்டை, ஓர் எழுத்துகூட இல்லை. "தள்ளிப்போட்டுரலாமா?" என்றான். அக்கா உதட்டைக் கடித்தாள். "எல்லாரும் கிளம்பியிருப்பாங்க. வா, போகலாம். மேடம்கிட்ட நானே சொல்றேன்."

நிகழ்ச்சி நூலகத்தின் மாடி அரங்கில். ஏன் மேடம் முன்னதாகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் பேச்சுக்கான தாள்கள். அக்கா புத்தகத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். திறந்து பார்த்தார்.

"ஏன்?" என்றார்.

அக்கா நடந்ததைக் கொட்டிவிட்டாள். ஏன் மேடத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இவங்க ரெண்டு பேரும் யாரு? ஏற்றுமதியும் இறக்குமதியுமா?"

"மேடம், மன்னிச்சிருங்க. எல்லாத்தையும் கழட்டிடறோம்."

"ஐயோ, கழட்டாதீங்க! என் எழுத்தை இவ்வளவு அழகா உடுத்தி நான் பார்த்ததே இல்ல."

அரங்க வாசலில் தம்பி மேசை போட்டான். கதைப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள், நாத்தனாரும் அண்ணியும், குடைப் படத்தைப் பார்த்து நின்றார்கள்.

"கதை நல்லா இருக்குமா?"

தம்பி நெளிந்தான். "கதை இல்லீங்க. உலகப் பொருளாதாரம்."

அண்ணி அதற்குள் நடுப்பக்கம் ஒன்றைப் படிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு சட்டையின் பஞ்சு ஒரு நாட்டில், நூல் இன்னொரு நாட்டில், தையல் வேறொரு நாட்டில். "அடியே, இங்க பாரு! நம்மளைவிட நம்ம துணி அதிகமா ஊர் சுத்தியிருக்கு!" என்று ஆளுக்கொரு பிரதி வாங்கி, நாத்தனாரை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏன் மேடம் மேடையேறினார். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நடந்ததைச் சொன்னதும் அரங்கம் கலகலத்தது. "சரி, இந்தக் குடை எங்கே செஞ்சது, சொல்லுங்க?" என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கைப்பிடி, கம்பி, துணி, பொத்தான் என்று ஒவ்வொன்றையும் கடல் தாண்டி அழைத்துவந்தார். "நடுவுல ஒரு நாடு கதவைச் சாத்திடுச்சுன்னா யாரோட தோள் நனையும்?" என்று கேட்டார். வாசலில் மேசையைக் காக்க வேண்டிய தம்பி, உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். முதல் கேள்வியை அவனே கேட்டான்.

அப்போது கதவு திறந்தது. வெள்ளை மேலங்கியோடு ஒருவர் மூச்சிரைக்க நுழைந்தார். கையிலிருந்த புத்தகத்தின் மேலுறையில் சரக்குக் கப்பலும் பாரந்தூக்கியும்.

"என் கதாநாயகியைக் கப்பல்ல ஏத்திட்டீங்களே!" என்றார், அச்சகத்தில் விசாரித்துக்கொண்டு ஓடிவந்த பல் டாக்டர். "என் வீட்டம்மா கேட்கறா, உங்க காதல் கதையில கிரேன் எதுக்குன்னு!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவருடைய கட்டுகள் எல்லாம் கீழே காரில் இருந்தன. கையைப் பிசைந்தபடி அக்கா அவரை நோக்கி விரைய, மேடையிலிருந்தே ஏன் மேடம் குரல் கொடுத்தார். "டாக்டர், உங்க பொருள் எங்ககிட்ட இருக்கு. எங்க பொருள் உங்ககிட்ட. பேசித் தீர்த்துக்கலாமா?"

டாக்டர் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினார். "வரி எதுவும் போடமாட்டீங்களே?"

வந்திருந்தவர்களே படியிறங்கிப் போய்க் கட்டுகளைத் தூக்கிவந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் குடையைக் கழற்ற, அடுத்தவர் கப்பலை மாட்ட, விருந்துக்குக் காய் நறுக்குவதுபோல் பேச்சும் வேலையுமாக நடந்தது. நாத்தனாரும் அண்ணியும் மட்டும் தங்கள் பிரதிகளைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். "எங்களுக்குக் குடைதான் வேணும். டாக்டர், உங்க கதையையும் ஒண்ணு கொடுங்க, கப்பலோடயே." டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

ஏன் மேடம் ஓரமாக உட்கார்ந்து நாவலைப் புரட்டினார். "அந்தப் பொண்ணு ஏன் ஊரை விட்டுப் போறா?"

"வேலை பார்த்த ஆலையை மூடிட்டாங்க மேடம்."

"ஏன் மூடினாங்க?"

டாக்டர் விழித்தார். "அது... நான் யோசிக்கலையே."

"என் புத்தகத்துல ஏழாவது இயல்," என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார் ஏன் மேடம்.

வேலை முடிந்தும் யாரும் எழவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இங்கேயே கூடுவது என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். கால் வலித்தது, ஆனால் முகத்திலிருந்த சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. தான் வரி வரியாகச் சண்டை போட்டுத் திருத்திய வாக்கியங்களை, முன்பின் தெரியாதவர்கள் உரக்க வாசித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியிலிருந்து வரும் பொருளுக்கு வரி போட வேண்டும் என்றார் அண்ணி. கூடவே கூடாது என்றார் நாத்தனார். இருவரும் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க யார் பக்கம்? சொல்லுங்க!"

"அவசரப்படாதீங்க," என்றான் அவன், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான் இப்பதான் ரெண்டாவது இயல்ல இருக்கேன்."